பாட்டிலுக்குள் எத்தனை கரண்டி? சர்க்கரை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

சர்க்கரை அதிகமுள்ள பானங்களுக்கு அரசு தனி வரி போட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதிலாக எழுதியிருந்தேன். ஆதரித்தும் கண்டித்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறு நோய்களுக்கு இடமில்லை. எல்லாப் பக்கமும் சர்க்கரைக்கே.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, ஒரு வருடமாகக் கருப்பட்டிக் காபிதான் குடிக்கிறேன். ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 190-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஏன்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

ஐயா, கருப்பட்டியும் சர்க்கரைதான். பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். குடலுக்குள் போனதும் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறுகிறது. ஃபிரக்டோஸில் பெரும்பகுதியைக் கல்லீரல் வாங்கிக்கொள்கிறது. அளவு மிஞ்சினால் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஊற்றியது கருப்பட்டியா, நாட்டுச்சர்க்கரையா, அஸ்கா என்னும் வெள்ளைச் சர்க்கரையா என்று கல்லீரல் பார்ப்பதில்லை.

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான இரும்பை வெல்லத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டுமானால் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டியிருக்கும். முருங்கைக்கீரையும் சுண்டலும் இருக்கும் ஊரில் அந்த வழி எதற்கு? இன்னொன்று: பளிச்சென்ற மஞ்சள் நிற வெல்லத்தை நம்பி வாங்காதீர்கள். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுவதும், ஆலைச் சர்க்கரையையே கலந்து காய்ச்சுவதும் நடக்கிறது. சேலம் ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை போட்டு, கலப்பட வெல்லத்தையும் மூட்டை மூட்டையாகச் சர்க்கரையையும் பறிமுதல் செய்த செய்திகள் அடிக்கடி வருகின்றன.

வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று பயமுறுத்தும் செய்தி செய்யும் பெரிய கேடு இதுதான். அது மக்களைச் சர்க்கரையிலிருந்து விலக்குவதில்லை, வேறு நிறத்துச் சர்க்கரைக்கு மாற்றிவிடுகிறது. அதுவும் "இது நல்லது" என்ற நம்பிக்கையோடு, கூடுதலாக ஒரு கரண்டி போட்டு. இன்று முதல் காபியில் எந்தச் சர்க்கரையும் வேண்டாம், ஐயா. அதோடு மருந்தின் அளவையும் உங்கள் மருத்துவரிடம் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் 190 என்பது காபியை மட்டும் மாற்றிச் சரிசெய்யக்கூடிய அளவு அல்ல.

கேள்வி: எனக்குச் சின்ன வயதிலிருந்தே இனிப்பு பிடிக்காது. தீபாவளிக்குக்கூட ஒரு துண்டு மைசூர்பாகு தொடமாட்டேன். எனக்கு எப்படிச் சர்க்கரை நோய் வந்தது?
– இல்லத்தரசி, தென்காசி

அம்மா, நோயின் பெயரில் சர்க்கரை இருக்கிறதே தவிர, நோய்க்குக் காரணம் சீனி மட்டும் அல்ல. பரம்பரை, இடுப்பைச் சுற்றிய சதை, உடலுழைப்பு குறைந்தது, தூக்கம் கெட்டது என எல்லாம் சேர்ந்து வருவது இது. நம் தட்டில் பெரிய ஆள் வெள்ளைச் சோறு. 21 நாடுகளில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த 'ப்யூர்' என்ற ஆய்வு 2020-இல் வெளிவந்தது. வெள்ளை அரிசிச் சோறு அதிகம் சாப்பிடுவோருக்கு நீரிழிவு வரும் ஆபத்து தெற்காசியாவில்தான் மிக அதிகம் என்று அது காட்டியது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் மூன்று வேளையும் மாவுச்சத்துதான். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பயறும் காயும் வையுங்கள். இனிப்பைத் தொடாத நல்ல பழக்கத்தை அப்படியே விட்டுவிடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ஒல்லியாக இருக்கிறான் என்று தினமும் இரண்டு வேளை பாலில் சத்துபானத் தூள் கலந்து கொடுக்கிறேன். உயரமாக வளர்வான் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். தொடரலாமா?
– ஒரு தாய், ஓசூர்

உறையூரில் என்னிடம் வரும் தாய்மார்களிடம் டின்னையே கையோடு கொண்டுவரச் சொல்வேன். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பச் சொல்வேன். நீங்களும் இப்போது எடுத்துத் திருப்புங்கள். பொடி எழுத்தில் இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று மூலப்பொருள் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். திரவ குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப் என்று இருந்தாலும் அவையும் சர்க்கரைக்கு உறவுதான். சர்க்கரையை இப்படி மூன்று பெயர்களாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். இரண்டாவது, சத்து அட்டவணை. அதில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியில், 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தைப் பாருங்கள். 30 கிராம் என்று இருந்தால், நீங்கள் சத்து என்று வாங்கிய டின்னில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. அதற்கு மேல் பாலில் இரண்டு கரண்டி சீனியும் சேர்க்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் சேர்க்கிறார்கள்.

இந்தத் தூள்களுக்குச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்ற வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இதைச் சுட்டிக்காட்டி, அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு ஓர் இளைஞர் இப்படி ஒரு டின்னின் பின்பக்கத்தைக் காட்டிப் போட்ட காணொளி நாடெங்கும் பரவியது. அதன் பிறகு அந்த நிறுவனம் தன் தூளில் சர்க்கரையைக் குறைத்தது. ஆக, குறைக்க முடியும். கேட்க ஆள் இல்லாததால் குறைக்காமல் இருந்தார்கள்.

உங்கள் மகன் ஓடி ஆடி, பசித்துச் சாப்பிட்டு, வளர்ச்சி அட்டையில் தன் கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் ஒல்லி என்பது நோயல்ல. வெறும் பால் கொடுங்கள். முட்டை, பயறு, நிலக்கடலை, வாழைப்பழம் கொடுங்கள். வீட்டில் அரைத்த சத்துமாவுக் கஞ்சி அந்த டின்னைவிட மேல், அதில் வெல்லத்தை அள்ளிக் கொட்டாத வரை.

கேள்வி: டாக்டர், நான் என்ன குடிக்க வேண்டும் என்று அரசு ஏன் சொல்ல வேண்டும்? இன்று சர்க்கரைக்கு வரி, நாளை நெய்க்கு, மறுநாள் பிரியாணிக்கா? படித்தவர்கள் தங்கள் நாக்கைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ள மாட்டார்களா?
– வழக்கறிஞர், கோயம்புத்தூர்

உங்கள் கேள்விதான் இந்த இதழில் மிக முக்கியமானது. நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

அரசு சர்க்கரையில் புதிதாகத் தலையிடப் போவதில்லை, ஏற்கெனவே தலையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கரும்புக்கு விலை நிர்ணயிப்பது மத்திய அரசு: 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஆலை எந்த விலைக்குக் கீழே சர்க்கரையை விற்கக்கூடாது என்று 2019-இல் கிலோவுக்கு 31 ரூபாய் நிர்ணயித்ததும் அதுவே. எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்பதையும் டெல்லிதான் முடிவு செய்கிறது. நம் மாநிலத்தில் ரேஷன் கடையில் மலிவு விலைச் சர்க்கரை உண்டு. அரிசி வேண்டாதவர்களுக்குக் கூடுதல் சர்க்கரை தரும் அட்டையும் உண்டு. வயலிலிருந்து மளிகைக் கடை வரை அரசின் கை இருக்கிறது. பாட்டிலுக்குள் எவ்வளவு போகலாம் என்று கேட்கும்போது மட்டும் அது தனிமனித சுதந்திரம் ஆகிவிடுகிறது. இது எனக்குப் புரியவில்லை.

அடுத்தது, படித்தவர்களின் கட்டுப்பாடு. என் மேசை மேல் ஒரு கோலா பாட்டிலும் சர்க்கரை டப்பாவும் கரண்டியும் இருக்கின்றன. 300 மில்லியில் எத்தனை கரண்டி இருக்கும் என்று வருகிறவர்களைக் கேட்பேன். பேராசிரியர்களும் வங்கி மேலாளர்களும் இரண்டு, மூன்று என்கிறார்கள். தலைதட்டி எட்டுக் கரண்டியை ஒவ்வொன்றாக எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் காட்டும்போது முகம் மாறுகிறது. சுமார் 32 கிராம். நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், அதாவது பெரியவர்களுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. தன் கையால் காபியில் போடும் சர்க்கரையை எவரும் எண்ணிக்கொள்ளலாம். அடுத்தவர் கலந்து மூடி போட்டு விற்பதை எண்ண முடியாது. என் வாதம் முழுவதும் இந்த இரண்டாவது சர்க்கரையைப் பற்றியதுதான்.

இந்த விவாதத்தில் அறிவியல் மட்டும் பேசவில்லை, பணமும் பேசியிருக்கிறது. லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின் 1960-களிலும் 70-களிலும் மாரடைப்புக்குச் சர்க்கரையைக் கைகாட்டினார். அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் கொழுப்பைக் கைகாட்டினார். கீஸ் பக்கம் வென்றது. யுட்கின் ஓரங்கட்டப்பட்டார். அதே காலத்தில், சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு மதிப்பாய்வு எழுத வைத்தது. சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கி, கொழுப்பின் மேல் பழியைப் போட்ட அந்தக் கட்டுரை 1967-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. பணம் கொடுத்தது யார் என்பது அதில் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து, 2016-இல்தான் கலிபோர்னிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். இதனால் யுட்கின் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. கொழுப்பைப் பற்றிய எச்சரிக்கைகளில் பலவும் இன்றும் நிற்கின்றன. ஆனால் "மக்களுக்கு உண்மை தெரியும், அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்" என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. அரை நூற்றாண்டு காலம் அந்த உண்மை மக்களிடம் இல்லை.

எதிர்முனைக்கும் நான் போகவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் ராபர்ட் லஸ்டிக்கும் இரண்டு சகாக்களும் 2012-இல் 'நேச்சர்' இதழில், சர்க்கரையை மதுவைப் போலக் கட்டுப்படுத்த வேண்டும், குளிர்பானம் வாங்க வயது வரம்பு வைக்கலாம் என்றெல்லாம் எழுதினார்கள். அது அளவுக்கு மீறியது. பெட்டிக்கடைக்காரரிடம் ஆதார் அட்டை காட்டிச் சோடா வாங்கும் நாடு எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியவை இரண்டு: கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை, சர்க்கரையின் அளவுக்கேற்ற வரி.

வரிக்கு நல்ல உதாரணம் பிரிட்டன். 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது வைத்த கணக்கு இது: 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 முதல் 8 வரை லிட்டருக்கு 18 பென்ஸ், 8-க்கு மேல் 24 பென்ஸ். அந்த இரண்டாண்டு இடைவெளியிலேயே பாதிக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். வரிக்கு உட்பட்ட பானங்களில் 2015-க்கும் 2019-க்கும் இடையே சராசரிச் சர்க்கரை சுமார் 44 சதவீதம் இறங்கியது. குடித்தவர்கள் எதையும் துறக்கவில்லை. பாட்டில் மாறியது. பத்துப் பதினோரு வயதுப் பெண் குழந்தைகளிடம் உடல் பருமன் எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைந்ததாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று கண்டது. ஆண் குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. டென்மார்க் 2011-இல் கொழுப்புக்கு வரி போட்டது. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வாங்கிவந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் வரியை எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் என்ன செய்கிறோம்? 2025 செப்டம்பர் 22 முதல் காற்றேற்றிய இனிப்புப் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சர்க்கரையே இல்லாத டயட் சோடாவுக்கும் அதே 40. சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கும் நிறுவனத்துக்கு ஒரு பைசா லாபம் இல்லை என்றால் அது ஏன் குறைக்கும்? அதே நாளில் காற்றேற்றாத பழச்சாறு பானங்களுக்கு வரி 12-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. குழந்தைகள் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும் மாம்பழப் பானத்தில் சர்க்கரை கோலாவுக்கு இளைத்ததல்ல. பிஸ்கட்டும் சாக்லேட்டும் ஐஸ்கிரீமும்கூட 18-இலிருந்து 5-க்கு வந்துவிட்டன. நாம் வரி போடுவது குமிழிக்கு, சர்க்கரைக்கு அல்ல.

எச்சரிக்கை முத்திரையின் கதை இதைவிட வருத்தமானது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோணம் அச்சிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். அந்த முத்திரை விழுந்த பானங்களின் விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நட்சத்திர மதிப்பீடு என்று ஒரு வரைவு வெளியிட்டது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. மிக மோசமான பொருளுக்கும் அரை நட்சத்திரம் உண்டு. நட்சத்திரத்தைப் பார்த்து எந்தத் தாயாவது பயப்படுவாளா? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொன்னது. பிறகு அந்தக் கெடுவும் நீண்டது. இந்தியாவில் நீரிழிவுள்ளோர் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு மாதத் தாமதமும் எனக்குக் கோபத்தைத் தருகிறது. கால் விரலை இழந்தவரின் கட்டுப் பிரித்துப் பார்க்கிற வேலையில் இருக்கும் எவருக்கும் அது வரும்.

கடைசியாக ஒரு செய்தி, வழக்கறிஞர் ஐயா. இரண்டாம் உலகப் போர்க்கால ரேஷனில் இருந்த பிரிட்டன், சர்க்கரைக் கட்டுப்பாட்டை 1953 செப்டம்பரில் நீக்கியது. சர்க்கரை நுகர்வு உடனே ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஆபத்து சுமார் 35 சதவீதமும் ரத்தக்கொதிப்பு ஆபத்து சுமார் 20 சதவீதமும் குறைவு. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை எந்தச் சுதந்திரத்தோடு எதைத் தேர்ந்தெடுக்கும்?

கேள்வி: நீங்கள் பேசுவது கரும்பு விவசாயியின் வயிற்றில் அடிப்பது. ஆலை பாக்கி வைக்கிறது, வெட்டுக்கூலி ஏறுகிறது. இப்போது டாக்டர்களும் சேர்ந்துகொண்டீர்களா?
– கரும்பு விவசாயி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

அண்ணா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு வருட உழைப்பை ஆலை வாசலில் இறக்கிவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் விவசாயியை என் உறவினர்களிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் பாக்கிக்கும் குளிர்பான வரிக்கும் முடிச்சுப் போட வேண்டாம். நாடு ஆண்டுக்குச் சுமார் 280 லட்சம் டன் சர்க்கரை சாப்பிடுகிறது. உலகில் இதுவே அதிகம். பொங்கலும் பாயசமும் டீக்கடையும் எங்கும் போகப் போவதில்லை. கரும்புக்கு இன்று எத்தனால் என்ற இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பு இலக்கை நாடு 2025-இல் எட்டிவிட்டது. வரியாக வரும் பணத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாற விரும்பும் சிறு விவசாயிக்குக் கொடு என்று நீங்கள் கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: பேரன் இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்று நான் சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு பாட்டி, புதுக்கோட்டை

மருமகள் சொல்வது சரி, அம்மா. பூச்சியின் முட்டை மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வருகிறது, மிட்டாயிலிருந்து அல்ல. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள். இனிப்பைக் குறைக்க நீங்கள் சொல்வதை நிறுத்த வேண்டாம். சொத்தைப் பல் ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று கேட்டதற்கு ஆப்பிள் சுவைப் பானம் ஒன்றைக் கொடுத்தார்கள். குடித்த பிறகு போக்கு அதிகமானது. சர்க்கரை இவ்வளவு கெட்டது என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸில் ஏன் சர்க்கரை?
– ஒரு தந்தை, தூத்துக்குடி

ஏனென்றால் சரியான அளவில் அதுதான் உயிரைக் காக்கிறது. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் உப்பும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய வகைப் பானத்தில் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு இருக்கும், உப்பு போதாது. மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். உங்கள் குழந்தைக்குப் போக்கு கூடியதற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல ஆண்டுகள் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் எந்த வடிவிலும் வரக்கூடாது என்று உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது அலமாரியில் இருக்கலாம். ஆகவே கடையில் "உலக சுகாதார நிறுவனக் கலவை" என்று அச்சிட்ட தூள் பொட்டலத்தைக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதித் தூள், பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் பிரிக்காதீர்கள். மேலே சர்க்கரை சேர்க்காதீர்கள். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் வெகுநேரம் வராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே அழைத்துப் போங்கள்.